ஒலிமாற்றியும் உரையாசிரியரும்

இசைக்கருவியின் குணங்குற்றம் ஆராய்தல் தமிழர்க்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், யாழ்ப்போருக்கு வந்த சீவகன் தன்முன் வைக்கப்பெற்ற யாழ்களை ஒவ்வொன்றாக நோக்கி விலக்குகின்றான். ஒன்றன் மரம் நீரிற் கிடந்து கெட்டது. மற்றொன்றன் மரம் இடியுண்டது. நரம்பின் முறுக்கைத் தளர்த்து, உள்ளே மறைந்து கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுகின்றான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றம் நான்கு என்பர் பழைய நூலார். சீவகனது ஆராய்ச்சி மரத்திலும் நரம்பிலும் தொடங்குகின்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஓசை எங்கே பிறக்கின்றதோ அங்கே குற்றம் உண்டா என்பதே அவனுடைய முதல் வினா.

இவ்வினா இன்று மீண்டும் எழவேண்டியதாயிருக்கின்றது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் இருந்த இடத்தில் இலக்கவியல் கோப்புகள் வந்துவிட்டன. ஓசை எண்களாக மாறிக் கிடக்கின்றது. அவ்வெண்களை மீண்டும் மின்னலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவியைக் கடைகளில் ‘டேக்’ என்று சுருக்கமாக அழைப்பர். ஒலிமாற்றி என்று அதனைத் தமிழில் குறிக்கலாம். ஒவ்வொரு கைப்பேசியினுள்ளும் சிறிய ஒலிமாற்றி ஒன்று உண்டு. தனிப்பெட்டியாக விற்கப்பெறும் உயர்தர ஒலிமாற்றிகளோ பல்லாயிரம் ரிங்கிட் விலை பெறுவன. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வட சிலாங்கூரில், புக்கிட் பெருந்துங் போன்ற நகரியங்களின் வரிசை வீடுகளில், பழைய தமிழிசையில் ஈடுபாடுடையோர் இக்கருவிகளைப் பற்றி வினவத் தொடங்கினால் வியப்பில்லை. தோட்டத்து லயத்தில் வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் அல்லரோ அவர்கள்?

அவர்கள் வினா ஒன்றே: இக்கருவியிலிருந்து சிறந்த ஓசையைப் பெறுவது எவ்வாறு? விளம்பரங்கள் இதற்குத் தரும் விடை, இன்னும் விலையுயர்ந்த கருவியை வாங்குக என்பது. தமிழாசிரியர் இவ்வினாவைக் கேட்டால் வேறொரு விடை தோன்றும். ஏடு, படி, உரை என்னும் மூன்றையும் பிரித்தறியும் பயிற்சி அவர்க்கு உண்டு. அப்பயிற்சியே ஈண்டு வேண்டப்படுவது.

புள்ளியில்லாத ஏடு

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில், ஓசையலை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பெற்று எண்களாகப் பதிகின்றது. ஒவ்வோர் அளவும் 65,536 படிநிலைகளுள் ஒன்றில் அமையும். மனிதச் செவி கேட்கும் மிகவுயர்ந்த ஓசை விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு. ஓர் அலையின் மேலெல்லைபோல் இருமடங்குக்கு மேற்பட்ட விரைவில் அதனை அளந்தால், அவ்வளவுகளிலிருந்து முழு அலையையும் மீட்கலாம் என்னும் கொள்கைக்கு நைக்குவிஸ்ட் 1928இல் வழிவகுத்தார். ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் அதனைத் தெளிவுற நிறுவினார்.

எண்ணாகிய ஓசை படிக்கட்டுப்போல் வெட்டுண்டு கிடக்கும் என்றும், விலையுயர்ந்த கருவியே அதனை வழவழப்பாக்கும் என்றும் பலர் எண்ணுவர். இது பிழை. பனையோலையில் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஓலை கிழியும் என்பது காரணம். எனினும் மொழியறிந்தவன் எது மெய், எது உயிர்மெய் என்று அறிந்து பிழையின்றிப் படித்தான். ஏட்டில் இல்லாததை அவன் கற்பித்தான் அல்லன். ஏட்டுக்குரிய விதியால் மீட்டான். ஒலிமாற்றி செய்வதும் அத்தகையதே. இரண்டு அளவுகளுக்கிடையே அலை எவ்வாறு செல்லும் என்பதைக் கணித விதியே கட்டுப்படுத்துகின்றது. அவ்விதியை ஏறக்குறைய முழுமையாக நிறைவேற்றும் ஒலிமாற்றி இன்று மலிவான விலையிலும் கிடைக்கின்றது.

ஆயின் உயர்தரக் கருவிக்குத் தனிச்சிறப்பு இல்லையோ எனின், உண்டு. பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. அளக்கும் கடிகாரம் திட்பமானது. உரப்பைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள அமைப்பு செம்மையானது. உறுதியான கட்டுமானம் உடையது. இங்கிலாந்தின் கார்டு எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2015இல் வெளிக்கொணர்ந்த ‘டேவ்’ என்னும் கருவி, அலையை மீட்கும் கணக்கில் 1,64,000 படிகளைக் கையாள்கின்றது. கணக்கு நீளுந்தோறும் ஓசையின் காலம் துல்லியமாகும் என்பது அதனை வகுத்த ராப் வாட்ஸ் என்பாரின் கொள்கை. இக்காலத்தில் நன்கு பதிவான மிருதங்கத்தின் கூரிய அடியையும் வீணையின் நுண்கமகத்தையும் கேட்பார்க்கு இத்தகைய கருவி மகிழ்ச்சி தரலாம். ஆனால் அக்கருவி தனக்குத் தரப்பட்ட எண்களை மட்டுமே படிக்க வல்லது. எண்ணிலே பிழை இருந்தால் அப்பிழையையே திருத்தமாகப் படிக்கும்.

படி பிழைத்தால்

தமிழிசையின் பழஞ்செல்வம் பெரும்பகுதி அரக்குத் தட்டுகளில் உள்ளது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் பாட்டும், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளின் வழியாகவே நாடெங்கும் பரவின. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். இன்று கணினியில் கிடைக்கும் அப்பாடல்களுள் பல, படிக்குப் படி, படிக்குப் படி என எடுக்கப்பெற்றவை. மூலத்தட்டை யார், எவ்வூசியால், எவ்விரைவில் ஓட்டினர் என்னும் குறிப்பு பெரும்பாலானவற்றுக்கு இல்லை.

இக்குறிப்பு இன்மையால் வரும் கேடு சிறிதன்று. அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. பிற்கால நெடுந்தட்டின் பள்ளம் குறுகியது. நெடுந்தட்டுக்குரிய சிறிய ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால், ஊசி பள்ளத்தின் அடியிற் கிடந்து புழுதியையும் தேய்வையும் வாசிக்கும். தாழ்ந்த ஓசையையும் உயர்ந்த ஓசையையும் எவ்வளவு குறைத்தும் கூட்டியும் பதிவது என்பதில் 1954க்கு முன் ஒரு பொதுமுறை நிலைபெறவில்லை. பிற்கால முறையைப் பழந்தட்டுக்கு ஏற்றினால் குரலின் நிறமே வேறாகும்.

எல்லாவற்றினும் பெரிய குற்றம் விரைவுக் குற்றம். 78இல் ஓடவேண்டிய தட்டு 82.6இல் ஓடினால் சுருதி ஒரு சுரத்தானம் முழுதும் ஏறிவிடும். நான்கு கட்டையிற் பாடியவர் நாலரைக் கட்டையிற் பாடியதாகத் தோன்றும். 3 நிமிடம் 10 விநாடி நீண்ட பாட்டு 2 நிமிடம் 59 விநாடியில் முடியும். இராகம் கெடாது, ஏனெனில் சுரங்களின் இடைவெளி மாறுவதில்லை. ஆதலால் கேட்பவர் ஐயுறுவதும் இல்லை. ஆனால் பாடியவரின் குரல் மெலிந்து கூர்மையாகும், காலம் விரையும். ‘அக்காலத்தார் எவ்வளவு உயர்ந்த சுருதியிற் பாடினர்’ என்று புகழும் புகழ்ச்சியுள் ஒரு பகுதி, தட்டை ஓட்டியவனின் பிழைக்கு உரியதாகவும் இருத்தல் கூடும். எத்துணை விலையுடைய ஒலிமாற்றியும் இப்பிழையைக் காட்டிக்கொடுக்காது.

இரைச்சல் நீக்கம் என்னும் பெயரால் நிகழும் கேடு மற்றொன்று. அரக்குத் தட்டின் சலசலப்பு வாழும் அதிர்வெல்லையிலேயே சகரத்தின் உரசலும் சீவாளியின் கரகரப்பும் வாழ்கின்றன. சலசலப்பை அடியோடு துடைத்தால் இவையும் உடன் துடைபடும். எஞ்சுவது பஞ்சினுள் பொதிந்த குரல். தமிழ்ச் சொல்லின் வல்லினம் வல்லினமாக ஒலிக்க வேண்டும் என்று வகுப்பில் வற்புறுத்தும் ஆசிரியர், இப்படிகளைக் கேட்டு மனம் வருந்துவர்.

உரையாசிரியர் கடன்

இவ்விடத்தில் தமிழ்ப் பதிப்பு வரலாறு ஒரு வழி காட்டுகின்றது. சீவகன் யாழின் குற்றங் காட்டிய அதே சிந்தாமணியை, உ. வே. சாமிநாதையர் 1887இல் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். பல ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கினார்; மூலம் இது, உரை இது எனப் பிரித்துக் காட்டினார்; ஏடுகளிற் கண்ட பாடவேறுபாடுகளை மறையாது தந்தார். பிற்காலத்தார் அவர் முடிவை ஏற்கவும் மறுக்கவும் அதனால் இடம் உண்டாயிற்று.

ஒலி ஆவணத் துறையினர் வந்துசேர்ந்த நெறியும் இதுவே. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் தன் வழிகாட்டியில், பழைய ஒலிப்பதிவைப் படியெடுக்கும்போது விநாடிக்குக் குறைந்தது 48,000 அளவும், ஒவ்வோர் அளவுக்கும் 24 இலக்க நுட்பமும் வேண்டும் என்கின்றது. 96,000 அளவு சிறந்தது என்கின்றது. காப்புப்படியில் எவ்வகைத் திருத்தமும் கூடாது. இரைச்சல் நீக்கமும் இனிமையூட்டலும் வேறொரு படியிலேயே செய்யத்தக்கன என்பதும் அதன் விதி. மூலம் வேறு, உரை வேறு என்பதன்றோ இது? பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையால் இந்திய ஓடியன் தட்டுகள் பலவற்றுக்கு இத்தகைய இலக்கப்படி எடுக்கப்பெற்றது. அவ்வழியே வந்த படி ஒன்றை எளிய கருவியிற் கேட்பது, பெயரறியாப் படியை உயர்ந்த கருவியிற் கேட்பதினும் மேலானது.

ஒலிமாற்றியின் குணம் யாது என்னும் வினாவுக்கும் உரைமரபிலேயே விடை உண்டு. நச்சினார்க்கினியர் பேரறிஞர். எனினும் முல்லைப்பாட்டின் அடிகளைத் தம் கருத்துக்கேற்ப மாட்டிக் கூட்டியதை மறைமலையடிகள் 1903இல் வெளியிட்ட ஆராய்ச்சியுரையில் கண்டித்தார். உரை திறமுடையது என்பதில் ஐயமில்லை. அத்திறமே மூலத்தை மறைத்தது என்பதே அவர் குறை. சில ஒலிமாற்றிகள் வெற்றிடக் குழல்களைக் கொண்டு ஓசைக்கு இதமும் கனிவும் ஏற்றுகின்றன. கேட்க இனிமைதான், ஆனால் எல்லாப் பாடகர்க்கும் ஒரே கனிவு ஏறுமாயின், அது பாடகரது கனிவன்று, பெட்டியின் கனிவு. பொழுதுபோக்குக்குக் கேட்பார் அதனை விரும்பலாம். குரலை அறிய விரும்புவார்க்குச் சேர்க்காமலும் குறையாமலும் படிக்கும் கருவியே தக்கது.

விமரிசகர் மொழியும் ஆராயத்தக்கது. ‘திரை விலகிற்று’, ‘தேன் பாய்ந்தது’ என்றெல்லாம் எழுதப்பெறும் மதிப்புரைகளிற் பல, இரு கருவிகளை ஒரே உரப்பில் வைத்து ஒப்பிட்டனவா என்பதைக் கூறுவதில்லை. சிறிதளவு உரத்து ஒலிப்பதைச் செவி ‘சிறந்தது’ என்று கொள்ளும் இயல்புடையது. ஆதலின் இரண்டையும் கருவியால் அளந்து சமமாக்கி, எது ஒலிக்கின்றது என்பதை அறியாமல் கேட்டுச் சொல்வதே நேர்மை. புலவர் பெயரை மறைத்துப் பாட்டை மட்டும் தந்து மதிப்பிடச் சொல்லும் தேர்வு எத்தகையதோ, அத்தகையது இது.

அரங்கின் அளவு

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடல், இசை, யாழ், குழல், தண்ணுமை ஆகியவற்றின் ஆசிரியர் தகுதிகளைக் கூறுவதோடு அமையவில்லை. அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது என அளவு கூறுகின்றது. தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைத்ததையும் கூறுகின்றது. கலைஞர் எத்துணைச் சிறந்தவராயினும் இடம் கெட்டால் கலை கெடும் என்பது இளங்கோவடிகள் அறிந்த உண்மை.

வரிசை வீட்டின் முன்கூடம் பெரும்பாலும் சிமெந்துச் சுவரும் பளிங்கு ஓட்டுத் தரையும் உடையது. கைதட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் மோதித் துடிக்கும். அத்தகைய கூடத்தில் பாட்டின் சொல் கலங்குவதற்கு ஒலிமாற்றி பொறுப்பன்று. தரையில் விரிப்பும், சாளரத்தில் கனத்த திரையும், பின்சுவரில் நூல்கள் நிறைந்த அலமாரியும் இருந்தால் பேரளவு தெளிவு உண்டாகும். ஒலிபெருக்கிகள் இரண்டும் கேட்பவரும் சமமுக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைதல் வேண்டும். ஒலிபெருக்கிகள் சுவரை ஒட்டியிருத்தலும் மூலையில் இருத்தலும் ஆகா. மின்விசிறி சுழலும் அறையில் கருவியின் நுண்ணமைதி பயன்படாது. மின்விசிறியின் இரைச்சல் அதனை மூடிவிடும்.

எஞ்சிய ஒழுங்குகள் சிலவே. கணினியும் கைப்பேசியும் 44,100 அளவுடைய கோப்பைத் தாமே 48,000ஆக மாற்றி அனுப்புவது உண்டு. கோப்பு உள்ளவாறே செல்லும்படி அமைத்தல் வேண்டும். உரக்கப் பதிவான இக்காலப் பாடல்களுக்கு, ஒலிமாற்றிக்குள் செல்லுமுன் 3 டெசிபல் அளவு குறைத்தால் உச்சியோசை வெட்டுண்ணாது. ஒலிமாற்றியின் வழக்கமான வெளியீடு 2 வோல்ட். அதனைத் தாங்காத பழைய ஆம்பிளிபையரில் ஓசை கரகரக்கும். மலேசிய மின்சாரம் 50 அதிர்வுடையது. ஒலிபெருக்கியில் அவ்வெண்ணோ அதன் இருமடங்கோ ஆகிய ரீங்காரம் எழுந்தால், கருவிகள் அனைத்தையும் ஒரே மின்வாயிலிருந்து இயக்கியும், கணினிக்கும் ஒலிமாற்றிக்கும் இடையே ஒளியிழைக் கம்பி இட்டும் பார்க்கலாம். சிலாங்கூர் இடிமின்னல் மிகுந்த நிலம். மழை கறுக்கும்போது பிளக்கைக் கழற்றிவைத்தல், இணையக் கம்பியையும் உடன் கழற்றுதல், விலையுயர்ந்த எந்த உதிரிக் கருவியினும் நல்ல காப்பு.

தோட்டத்துக் குரல்

இவ்வாராய்ச்சி வட சிலாங்கூருக்கு ஏன் சிறப்பாக உரியது என்பது இனிக் கூறத்தக்கது. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் நிறைந்திருந்தன. 1946இல் தோன்றிய மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பும், மாரியம்மன் திருவிழாவில் மரத்திற் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியும் அத்தோட்டத்து மக்களின் இசைக்கூடங்களாயின. கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த ஓசையை விழுங்கி நடுவோசையை முன்தள்ளும். சுந்தராம்பாளின் குரல் ‘கணீர்’ என்று முதியோர் நினைவில் நிற்பதற்கு அவர்தம் குரல்வளம் முதற்காரணம். அக்கூம்பும் ஒரு துணைக்காரணம்.

தோட்டங்கள் பல துண்டாடப்பெற்று, லயங்கள் இடிந்து, மக்கள் நகரியங்களுக்குப் பெயர்ந்தனர். பெயர்ந்தபோது எடுத்துச்சென்ற பெட்டிகளுள் ஒலிநாடாக்கள் இருந்திருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கேசட், ஏழை வீட்டுக்கும் ஒலிப்பதிவை எட்டச்செய்த கருவி. பாட்டியின் தாலாட்டு, இழவு வீட்டு ஒப்பாரி, தோட்டத்துக் கோயிலின் பசனை, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா ஆகியன எங்கேனும் பதிவாகியிருப்பின், அவை தட்டிலும் இல்லை, வானொலியிலும் இல்லை. அந்த ஒரு நாடாவிலேயே உள்ளன. ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு உதிரும், அதனை ஓட்டும் பெட்டியும் அரிதாகிவருகின்றது.

இங்கேதான் செலவின் முறை புலப்படுகின்றது. ஓசையை எண்ணாக்கும் கருவி வேறு. எண்ணை ஓசையாக்கும் கருவி வேறு. முன்னையது ஒருமுறை செய்வதே என்றைக்கும் நிற்கும். பின்னையதை எந்நாளும் மாற்றிக்கொள்ளலாம். பத்தாயிரம் ரிங்கிட் ஒலிமாற்றியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். உதிர்ந்த நாடாவை எவ்விலைக்கும் வாங்க இயலாது. ஆதலின் சிறந்த ஓசையை விரும்புவார் முதற்பொருளைப் படியெடுத்தலிற் செலவிடல் வேண்டும். பழுதில்லாத கேசட் பெட்டி, தூய்மை செய்து சாய்வு திருத்திய வாசிப்புத் தலை, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்னும் சரியான விரைவு, 24 இலக்க நுட்பமுடைய பதிவுக் கருவி ஆகியவை போதும். எடுத்த படியைத் திருத்தாமல் இரண்டு மூன்று இடங்களில் வைத்தல் வேண்டும். பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் பதிந்தது என்று ஏட்டின் இறுதிக் குறிப்புப்போல் எழுதி உடன் சேர்த்தல் வேண்டும்.

வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் இப்பணிக்கு இயல்பான நிலையங்கள். ‘வீட்டில் பழைய நாடா உண்டா?’ என்று மாணவர்வழி வினவுதலே தொடக்கமாகும். ஏடுகள் அடுப்பிலும் ஆற்றிலும் போனதைப் படித்து வருந்தாத தமிழாசிரியர் இல்லை. அவ்வருத்தத்துக்கு மருந்து செய்யும் வாய்ப்பு இம்முறை கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றது. செவ்விய படி கைக்கு வந்தபின் நல்ல ஒலிமாற்றி ஒன்றை வாங்குவது குற்றமன்று. அப்போதுதான் அக்கருவிக்கும் படிக்கத்தக்க ஏடு ஒன்று கிடைக்கும்.